மரம் அறிந்தவர்களின் கரை

வால்டர் ஜோசப் ஃபிலிப்ஸ் 1928இல் அச்சிட்ட ‘மமலிலிகுலா, பி.சி.’ என்ற மரச்செதுக்குப் படம் பெரிதல்ல. செய்தித்தாளின் பாதிப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் எண்ணற்ற தீவுகளில் ஒன்றின் கரையூரைக் காட்டுகிறது. இதையும் அடுத்த ஆண்டு அவர் அச்சிட்ட ‘கார்லுக்வீஸ், பி.சி.’ படத்தையும் கனடாவின் வண்ண மரச்செதுக்குக் கலையின் உச்சங்களாகச் சொல்பவர்கள் உண்டு. நானும் அவர்களோடு சேர்ந்தவன்தான். தண்ணீர் அசையாமல் இருப்பதை இவ்வளவு நுட்பமாக மரத்தில் செதுக்கிக் காட்ட முடியும் என்பதை நம்ப எனக்குப் பல தடவை பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த அமைதிக்கு ஒரு முன்கதை இருக்கிறது. படம் அச்சாவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1921 டிசம்பரில், இதே ஊரில் ஒரு பெருவிருந்து நடந்தது. அங்கே ஆடியதற்காக, பேசியதற்காக, பரிசுகளை எடுத்துக் கொடுத்ததற்காக 45 பேர்மீது வழக்குப் போட்டார்கள். 20 பேர் சிறைக்குப் போனார்கள். ஊரின் முகமூடிகளையும் தலையணிகளையும் செப்புத் தகடுகளையும் அரசு அள்ளிக்கொண்டு போனது. படத்தில் இதன் சுவடு எதுவும் இல்லை. நீர், வீடுகள், மரம், மூட்டம், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிந்ததைப் பொய்யில்லாமல் காட்டிவிட்டு, அந்தக் கண்ணுக்கு முன்னால் நடந்து முடிந்த கொடுமையைப் பற்றி ஒரு கீறல்கூட இல்லாத படத்தை எப்படிப் பார்ப்பது? பசிபிக் கரையின் பூர்வகுடி ஊர்களை வரைந்த, செதுக்கிய, படம் பிடித்த வெளியாட்கள் எல்லாரையும் சுற்றி நிற்கும் கேள்வி இது. கனடாவில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். பேச்சு பெரும்பாலும் ஓவியர் எமிலி காரைச் சுற்றியே நடந்தது. ஃபிலிப்ஸின் மரச்செதுக்குகளை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு வேறொரு முகம் கிடைக்கிறது என்பது என் எண்ணம். காரணம் எளியது. அவரும் மரம் வெட்டியவர், அந்த ஊர்க்காரர்களும் மரம் வெட்டியவர்கள்.

ஃபிலிப்ஸ் 1884இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில், ஹம்பர் ஆற்றங்கரையிலுள்ள பார்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். இளமையில் சில ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1913இல் குடும்பத்தோடு கனடாவின் வினிப்பெக் நகருக்கு வந்து பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். அடிப்படையில் நீர்வண்ண ஓவியர். செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து அச்சிடும் எட்சிங்கில் இறங்கிப் பார்த்தார். நிறத்தின்மேல் ஆசை கொண்டவருக்கு அது போதவில்லை. 1917 வாக்கில் ஜப்பானிய முறையிலான வண்ண மரச்செதுக்குக்கு வந்து சேர்ந்தார். வினிப்பெக்கில் அதைக் கற்றுத்தர ஆள் இல்லை. வெட்டி, அச்சிட்டு, கெடுத்து, மறுபடி வெட்டித் தானே கற்றார்.

இந்த முறைக்கு அச்சு இயந்திரம் கிடையாது. செர்ரி மரப் பலகையில், நார் ஓடும் வாக்கில், கத்தியாலும் உளியாலும் வெட்ட வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் ‘கென்டோ’ என்ற சிறு வெட்டு இருக்கும். தாளின் மூலையும் விளிம்பும் அதில் போய் உட்கார்ந்தால்தான் ஒரு நிறம் இன்னொன்றின்மேல் பிசகாமல் விழும். எண்ணெய் மைக்குப் பதிலாக நீரில் கரைத்த நிறமும் அரிசிப் பசையும். இரண்டையும் தூரிகையால் கட்டையில் தேய்த்து, ஈரமாக்கிய மல்பெரி நார்த்தாளை மேலே போர்த்தி, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தட்டால் முதுகை அழுத்தித் தேய்த்தால் நிறம் தாளுக்குள் இறங்கும். தாளின் மேலே படிந்து நிற்காது, நாருக்குள் ஊறிவிடும்.

தாளுக்குப் படிகாரமும் பசையும் கலந்து பூச்சுக் கொடுப்பது தனி வித்தை. பூச்சு குறைந்தால் நிறம் கசிந்து ஓடும், மிகுந்தால் ஊறவே ஊறாது. ஃபிலிப்ஸுக்கு நெடுநாள் பிடிபடாத இடம் இது. 1925 வாக்கில் இங்கிலாந்து போயிருந்தபோது லண்டனில் வாழ்ந்த ஜப்பானியக் கைவினைஞர் உருஷிபாரா யோஷிஜிரோவைச் சந்தித்தார். தாளைப் பதப்படுத்துவது உட்படத் தொழிலின் பல நுட்பங்களை அவரிடமிருந்து தெரிந்துகொண்டார். 1926இல் வண்ண மரச்செதுக்கின் செய்முறை பற்றி ஃபிலிப்ஸ் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு முதல் ‘வினிப்பெக் டிரிபியூன்’ நாளிதழில் கலைப் பத்தியும் எழுதத் தொடங்கி 1941 வரை தொடர்ந்தார். செய்வதைச் சொல்லவும் தெரிந்த கைவினைஞர் அவர்.

1927இல் அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்குப் போனார். கார்மொரன்ட் தீவிலுள்ள அலர்ட் பே, அங்கிருந்து படகில் மமலிலிகுலா, கார்லுக்வீஸ், ட்சாட்சிஸ்னுகோமி. வரைந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு கடல் மணமே எட்டாத, கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள வினிப்பெக்குக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலேயே ‘ஜிம் கிங்கின் படகுத்துறை, அலர்ட் பே’ வந்தது. 1928இல் ‘மமலிலிகுலா’வும் ‘சைவாஷ் வீட்டுத் தூண்கள், ட்சாட்சிஸ்னுகோமி’யும் வந்தன. 1929இல் ‘கார்லுக்வீஸ்’. ஆக, கரையில் சில நாள் பார்த்ததை உள்நாட்டில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுக் காலம் வெட்டியிருக்கிறார். மரச்செதுக்கு ஓவியம் எப்போதும் பிந்தி வருவது. இந்த நிறம் எந்தக் கட்டைக்கு, எந்த வரி தங்கும், எது போகும் என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டும். தற்செயல் என்பதற்கு அதில் இடம் மிகக் குறைவு. இருப்பதும் இல்லாததும் கைவினைஞரின் முடிவு. இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த முறையும் அந்தக் கரையும் ஒன்றுக்கொன்று பொருந்திய விதத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அது மழைக்கரை. செடார் மரங்கள் ஓங்கி வளர்வதற்குக் காரணமே அந்த ஈரம்தான். மலைக்கும் வானுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாதபடி மூட்டம் இறங்கி நிற்கும். நிறத்தை ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் நீர்த்தும் கட்டையில் தடவி ஒரே அழுத்தில் மங்கவிடும் ஜப்பானிய உத்தி இந்த மூட்டத்துக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. எண்ணெய்வண்ணம் மூட்டத்தை வர்ணிக்கிறது. ஈரத் தாளில் ஊறிய நீர்வண்ணமோ மூட்டமாகவே ஆகிவிடுகிறது. ஃபிலிப்ஸின் கரையூர்ப் படங்களில் கண் முதலில் போய் நிற்பது மனிதரிடம் அல்ல, தண்ணீரிடமும் நனைந்த மரத்திடமும்தான்.

இனி அந்த மரத்தின் சொந்தக்காரர்களைப் பார்ப்போம். குவாக்வாலா மொழி பேசும் மக்கள் தங்களைக் குவாக்வக்கியவாக் என்கிறார்கள். அந்த மொழியைப் பேசுவோர் என்பதே அதன் பொருள். பழைய நூல்களில் குவாக்கியூட்ல் என்று இருக்கும். ஒரே அரசின் கீழ் இருந்த ஒற்றை இனமல்ல. ஒவ்வொரு ஊருக்கும் கரைக்கும் தனித்தனிப் பெயர், வம்சம், தலைவர், உரிமைகள். அலர்ட் பே நம்கிஸ் மக்களுடையது. மமலிலிகுலா என்று ஃபிலிப்ஸ் எழுதியது உண்மையில் மக்களின் பெயர். அவர்களுடைய ஊரின் பெயர் மிம்க்வம்லிஸ், முன்னால் பாறைகளும் தீவுகளும் கொண்ட ஊர். கார்லுக்வீஸ் என்பது டர்னர் தீவிலுள்ள கலுக்விஸ், வளைந்த கரை, ட்லோவிட்சிஸ் மக்களின் ஊர். ஊர்ப் பெயர்களிலேயே கரையின் வடிவம் இருக்கிறது. பல தலைமுறைகள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் நொறுங்கிக் குவிந்து இந்த ஊர்களின் கரைகள் வெளுத்திருக்கும். ஊர் நிற்பதே அந்தக் குவியலின்மேல்தான்.

இவர்களைப்போல மரத்தை அறிந்தவர்கள் உலகில் சிலரே. உயிரோடு நிற்கும் செடார் மரத்தை வீழ்த்தாமல், ஆப்பு இறக்கி ஒரு பலகையை மட்டும் பிளந்தெடுத்துக்கொண்டு மரத்தை வாழவிடுவார்கள். அப்படி வடுப்பட்ட மரங்கள் இன்றும் காடுகளில் நிற்கின்றன. ஒரே பலகையில் மூன்று இடங்களில் பள்ளம் வெட்டி, ஆவியில் வேகவைத்து மடக்கி, நான்காவது மூலையைத் தைத்துவிட்டால் பெட்டியின் நான்கு சுவர்களும் ஆயிற்று. தண்ணீர் ஒழுகாது. ஒற்றை மரத்தைக் குடைந்து, நீர் ஊற்றி, சூடேற்றிய கற்களைப் போட்டு அகட்டிக் கடலோடும் படகாக்குவார்கள். வாய்ச்சியின் ஒவ்வொரு கொத்தும் வரிசை தப்பாமல் விழ, தூணின் மேற்பரப்பே நெய்த துணிபோல் இருக்கும். பெருவீட்டின் உத்தரத்தைத் தாங்கும் உள்தூண்களில் கரடியும் இடிப்பறவையும் மூதாதையரும் நிற்பார்கள். அவை அலங்காரம் அல்ல. அந்த வீட்டுக்கு அந்த உருவத்தைக் காட்ட உரிமை உண்டு என்பதற்கான ஆவணம்.

அந்த ஆவணத்தை ஊரறியச் செல்லுபடியாக்கும் நிகழ்ச்சிதான் போட்லாட்ச். பெயர் சூட்டல், திருமணம், இறந்தவருக்கான துக்கம், தலைமை கைமாறுதல் எல்லாம் அங்கே நடக்கும். விருந்துக்கு அழைத்தவர் தன் குடும்பத்தின் ஆட்டங்களையும் பாட்டுகளையும் முகமூடிகளையும் எல்லார் முன்னும் காட்டுவார். வந்தவர்கள் சாட்சிகள். சாட்சிக்குக் கூலியாகப் பரிசுகள் வழங்கப்படும். எவ்வளவு கொடுத்தார் என்பதில்தான் மதிப்பு. சேர்த்து வைப்பதே செல்வம் என்று நம்பிய ஆட்சியாளர்களுக்கு, வாரிக் கொடுப்பதே செல்வம் என்ற ஏற்பாடு விளங்கவில்லை. பாதிரிமார்களுக்கும் பிடிக்கவில்லை. கனடா அரசு போட்லாட்சைக் குற்றமாக்கிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 1884இல், ஃபிலிப்ஸ் பிறந்த அதே ஆண்டில். அது 1885 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மீறுவோருக்குச் சிறை. ஏற்கெனவே 1862இன் பெரியம்மை அந்தக் கரையைத் துடைத்துப் போட்டிருந்தது. பிழைத்தவர்கள் தங்களைத் தாங்களே மறுபடி கட்டியெழுப்பிக்கொள்ள வைத்திருந்த ஒரே ஏற்பாட்டின்மீது கை வைத்தது அரசு.

சட்டம் நெடுநாள் முழுதாக அமலாகவில்லை. முடுக்கிவிட்டவர் 1913 முதல் 1932 வரை பூர்வகுடி விவகாரத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்த டங்கன் காம்ப்பெல் ஸ்காட். 1918இல் வந்த திருத்தத்தால் அத்துறையின் உள்ளூர் அலுவலரே வழக்கை விசாரித்துத் தண்டிக்கலாம் என்றானது. அலர்ட் பேயில் அந்த அலுவலர் வில்லியம் ஹாலிடே. 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் டான் க்ரேன்மர் என்ற தலைவர், கண்காணிப்புக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று மிம்க்வம்லிஸில் போட்லாட்ச் நடத்தினார். செய்தி கசிந்தது. 45 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். உங்கள் குழு முழுவதும் சடங்குப் பொருள்களை ஒப்படைத்துவிட்டால் சிறை இல்லை என்று பேரம் பேசப்பட்டது. பறித்த முகமூடிகளை அலர்ட் பேயின் மாதாகோயில் மண்டபத்தில் பெஞ்சுகளில் பரப்பி, பார்க்கக் கட்டணம் வாங்கினார்கள். பிறகு அவை ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்கும் நியூயார்க்கின் ஜார்ஜ் ஹை என்ற சேகரிப்பாளருக்கும் போயின.

ஃபிலிப்ஸின் படகு அந்தக் கரைக்கு வந்தபோது நிலைமை இதுதான். தான் பிழைக்கும் மரத்தொழிலின் உச்சத்தைத் தொட்டவர்களின் ஊருக்கு ஒரு மரச்செதுக்கர் வந்தார். எதற்காகச் செதுக்கினார்களோ அதைச் செய்தால் சிறை என்ற சட்டத்தின் கீழ் அவர்கள் இருந்தார்கள். செர்ரிக் கட்டையில் உளி வைக்க அவருக்குத் தடையில்லை. செடார் முகமூடியைச் செதுக்கி ஆடினால் அவர்களுக்கு இரண்டு மாதச் சிறை. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் குத்துவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

கதையின் இன்னொரு கண்ணி வேதனையானது. ஃபிலிப்ஸைப் பற்றி ரையர்சன் பதிப்பகத்தின் கனடியக் கலை வரிசையில் 1947இல் ஒரு சிறு நூல் வந்தது. எழுதியவர் டங்கன் காம்ப்பெல் ஸ்காட். அவர் கனடாவின் பேர்பெற்ற கவிஞரும்கூட. பூர்வகுடிகளைப் பற்றி உருகி எழுதியவர், அவர்களுடைய பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக அனுப்பச் சட்டம் செய்தவர், மிம்க்வம்லிஸ் வழக்குகளுக்கு மேலிடத்தில் இருந்தவர். அவரே மிம்க்வம்லிஸின் அமைதியைச் செதுக்கியவரைப் போற்றி நூல் எழுதுகிறார். இதில் சதி எதையும் நான் தேடவில்லை. அவருடைய ரசனை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அடக்கியவரின் கண்ணுக்கும் இனிதாக இருக்கும்படி ஒரு படம் அமைந்துவிட்டதென்றால், அந்த இனிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஃபிலிப்ஸுக்கு முன்னும் உடனும் வந்தவர்களை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். எமிலி கார் 1912 கோடையில் இதே ஊர்களுக்குப் போனார். அலர்ட் பே, மமலிலிகுலா, கார்லுக்வீஸ், ட்சாட்சிஸ்னுகோமி எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. பிரான்சில் கற்று வந்த சூடான நிறங்களில் தூண்களை ஆவணப்படுத்தும் எண்ணத்தோடு வரைந்தார். புகைப்படக்காரர் எட்வர்ட் கர்ட்டிஸ் 1914இல் இந்த மக்களை நடிக்க வைத்து ஒரு முழுநீளப் படம் எடுத்தார். ஃபோர்ட் ரூபர்ட்டின் ஜார்ஜ் ஹன்ட் உடனிருந்து உதவினார். அன்று சட்டையும் கால்சட்டையும் அணிந்து வாழ்ந்தவர்களுக்குச் செடார் பட்டை உடையும் பொய்முடியும் மாட்டி, வீட்டு முகப்புகளைச் செட்டாகப் போட்டுப் பழங்காலத்தைத் தயாரித்தார். ஆனாலும் அங்கே வேறொன்றும் நடந்தது. தடை செய்யப்பட்ட ஆட்டங்களைப் படப்பிடிப்பின் பெயரில் கூலி வாங்கிக்கொண்டு பகிரங்கமாக ஆட முடிந்தது. ஆடியவர்கள் அந்த வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பின்வந்த ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வடக்கே ஸ்கீனா ஆற்றுப் பகுதிக்கு 1926இல் மாரியஸ் பார்போ என்ற மானிடவியலாளரோடு ஓவியர்கள் ஏ. ஒய். ஜாக்சனும் எட்வின் ஹோல்கேட்டும் போனார்கள். ஹோல்கேட்டும் மரச்செதுக்கில் தேர்ந்தவர். அவர் கண்ட தூண்கள் பிறகு ஒட்டாவாவின் ஷாட்டோ லாரியே விடுதியின் தேநீர்க்கூடத்தில் அலங்காரமாயின. 1927 டிசம்பரில் ஒட்டாவா தேசியக் கலைக்கூடம் மேற்குக் கரைக் கலையின் பூர்வகுடிப் படைப்புகளையும் நவீனப் படைப்புகளையும் ஒரே கூரையின் கீழ்க் காட்டியது. எமிலி கார் நாடறிந்தவரானது அங்கிருந்துதான். பூர்வகுடிக் கலைஞர்களோ அங்கே ஏற்கெனவே மறைந்துவிட்டவர்களாக நடத்தப்பட்டார்கள். அவர்கள் அலர்ட் பேயிலும் ஃபோர்ட் ரூபர்ட்டிலும் ப்ளண்டன் ஹார்பரிலும் உயிரோடு, உளியோடு இருந்தார்கள். சார்லி ஜேம்ஸ், மங்கோ மார்ட்டின், வில்லி சீவீட் என்று கணக்குச் சொல்லலாம். சீவீட் அந்தத் தடைக்காலத்திலேயே தன் ஆகச் சிறந்த முகமூடிகளைச் செதுக்கினார்.

மறைந்துகொண்டிருக்கும் இனம் என்ற இந்தப் பேச்சைத்தான் ஆய்வாளர்கள் தோலுரித்தார்கள். ஹைடா, ட்சிம்ஷியன் வழிவந்த மார்சியா க்ராஸ்பி 1991இல் எழுதிய கட்டுரையில், வெள்ளைக் கலைஞர்கள் நேசித்தது தாங்களே கற்பனை செய்த ஒரு பூர்வகுடியை என்றார். அந்தக் கற்பனையின் நிழலில் கண்முன் வாழ்ந்த மனிதர்கள் காணாமல் போனார்கள் என்பது அவர் கோபம். 2006இல் லெஸ்லி டான், இருபதுகளின் கண்காட்சிகளை ஆராய்ந்து, மறைவு பற்றிய கதை நாட்டுக்கு ஒரு கலை அடையாளத்தைத் தேடித்தரப் பயன்பட்டது என்று காட்டினார். கெர்டா மோரே அதே ஆண்டு காரைப் பற்றிய தன் பெருநூலில் சற்று வேறு வழியில் போனார். அதிகாரியும் பாதிரியும் இழிவாகப் பேசிய ஒன்றைக் கார் மதிப்போடு பதிவு செய்ய முயன்றதைக் கணக்கில் எடுக்கச் சொன்னார். மூவரும் சொல்வதை ஒன்றாக்கிவிட முடியாது. எனக்கு க்ராஸ்பியின் கோபம் நெருக்கமானது. மோரே காட்டும் பொறுமை இல்லாமல் படத்தின் முன் நிற்கவும் முடியவில்லை.

இந்த விவாதத்தை ஃபிலிப்ஸின் மரச்செதுக்குகளுக்குக் கொண்டுவந்தால் சில விஷயங்கள் அவருக்குச் சாதகமாகவே நிற்கின்றன. அவர் கர்ட்டிஸைப்போல ஊருக்குப் பழைய உடை மாட்டவில்லை. ஜிம் கிங்கின் படகுத்துறை என்று ஒருவர் பெயரோடு ஒரு படகுத்துறையைக் காட்டுகிறார். மீன்பிடித் தொழிலும் பண்டசாலைக் கணக்கும் உள்ள நிகழ்காலம் அது. காரின் பிற்கால ஓவியங்களில் காடே ஒரு பெரும் சக்தியாகி ஊரை விழுங்கிவிடும். ஃபிலிப்ஸிடம் ஊர் ஊராகவே, கரைக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில், பயன்பாட்டோடு இருக்கிறது. இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அமைதி அப்படியல்ல. வெறிச்சோடிய கரையைப் பார்த்ததும் அழிவு என்று படிப்பது வெளியாட்களின் பழக்கம். இவை குளிர்கால ஊர்கள். கோடையில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சால்மன் பிடிக்கவும் மீன் டப்பா ஆலைகளில் வேலை செய்யவும் போய்விடுவார்கள். சடங்குக் காலம் குளிர்காலம். பயணம் செய்யும் ஓவியர்கள் வந்ததோ பெரும்பாலும் கோடையில். வேலைக்குப் போனவர்களின் வீட்டை வரைந்துவிட்டு அழிந்துபோனவர்களின் வீடு என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு எளிது! அதோடு அந்த ஆண்டுகளில் ஊர் அடங்கியிருந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். போட்லாட்ச் நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. கடல் கொந்தளிக்கும் நாளாகப் பார்த்து, அதிகாரியின் படகு வர முடியாத ஊரில் நடந்தது. தப்பிப்பதற்காக ஒரு சமூகம் பூண்ட மௌனம் படத்தில் இயற்கையின் மௌனமாகிவிட்டது. படத்தின் உண்மையான குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

பெயர்களும் அப்படியே. ‘சைவாஷ்’ என்பது காட்டுமிராண்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து சினூக் வணிகமொழி வழியாக வந்த வசைச்சொல். அன்று வெள்ளையர் வாயில் சாதாரணமாகப் புழங்கியது. ஃபிலிப்ஸ் கூச்சமில்லாமல் தலைப்பில் போட்டார். இத்தனைக்கும் அந்தத் தூண்களை அவர் கட்டையில் கொண்டுவந்த விதம் மரியாதையானது. வீட்டுக்குள் இருளில், நெருப்பொளியில் பார்க்கப்பட வேண்டியவை படத்தின் தனிப்பொருளாகி நிற்கின்றன. உத்தரம் தாங்கும் தூணின் கனம் தெரிகிறது. உளி மதித்த ஒன்றைத் தலைப்பு மதிக்கவில்லை. யாருடைய தூண், எந்த வீடு, எந்த உரிமை என்ற கேள்விகளுக்கான விடை அந்தக் கரையில் அன்று எல்லாருக்கும் தெரியும். அந்த விடையையும் சேர்த்து எழுதாத எந்த அருங்காட்சியக அட்டையும் அரைகுறைதான்.

இங்கே ஒரு வயதுக் கணக்கைச் சொல்ல வேண்டும். ஹென்றி ஸ்பெக் 1908இல் கலுக்விஸில் பிறந்தவர். ஃபிலிப்ஸ் வந்த 1927இல் அவருக்கு வயது பத்தொன்பது. மீனவர், ஆட்டக்காரர், பாடகர், பின்னாளில் உட்சிஸ்டாலிஸ் என்ற பெயர் தாங்கிய தலைவர். அவர் தாளில் நீர்வண்ணத்தில் தன் மரபின் உயிர்களை வரைந்தார். 1964இல் வான்கூவரின் நியூ டிசைன் கேலரியில் அவை காட்டப்பட்டன. அவருடைய கலுக்விஸில் மூட்டம் இல்லை. ஹமாட்சா என்ற சடங்கு ஆட்டத்தின் நீள் அலகுப் பறவை, கடல் அசுரன், இடிப்பறவை, எல்லாம் கூர்மையான விளிம்போடு, அசைந்துகொண்டு, பார்ப்பவரை முறைத்துக்கொண்டு நிற்கும். அதே கரையை ஃபிலிப்ஸ் கடலிலிருந்து பார்த்தார், ஸ்பெக் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் கலுக்விஸைப் பாதிதான் பார்த்திருக்கிறார். 2012இல் வான்கூவரில் ஸ்பெக்கின் ஓவியங்கள் மீண்டும் காட்சிக்கு வந்தன. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் மேலே சொன்ன மார்சியா க்ராஸ்பி.

அச்சுக்கலையையும் ஊர்க்காரர்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். சார்லி ஜேம்ஸின் பேத்தி எலன் நீல் 1916இல் அலர்ட் பேயில் பிறந்தவர். தாத்தாவிடம் செதுக்கக் கற்றவர். நாற்பதுகளின் இறுதியில் வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் பட்டறை வைத்து, தூண் செதுக்கியதோடு துணியில் சில்க் ஸ்கிரீன் முறையில் தன் குலச் சின்னங்களை அச்சிட்டு விற்றார். 1948இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் எழுந்து, இந்தக் கலை செத்துவிட்டது என்பாருக்கு நேருக்கு நேர் மறுப்புச் சொன்னார். அப்போதும் போட்லாட்ச் தடை சட்டப் புத்தகத்தில்தான் இருந்தது. 1951இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். அறுபதுகளின் இறுதியிலிருந்து ராபர்ட் டேவிட்சன், டோனி ஹன்ட் போன்ற பூர்வகுடிக் கலைஞர்கள் வழியாக சில்க் ஸ்கிரீன் அந்தக் கரையின் பெருங்கலையாக வளர்ந்தது. வீங்கிக் குறுகும் வளைகோடு, தட்டையான கறுப்பும் சிவப்பும், கத்திபோன்ற விளிம்பு, எல்லாம் திரை அச்சுக்கு வாகானவை. ஃபிலிப்ஸின் ஊறும் நிறத்துக்கு இது நேரெதிர்.

ஃபிலிப்ஸ் 1940 முதல் பான்ஃப் கலைப்பள்ளியில் கற்பித்து, 1963இல் விக்டோரியாவில் இறந்தார். பான்ஃபில் ஒரு கலைக்கூடம் அவர் பெயரில் இருக்கிறது. அவர் செதுக்கிய ஊர்களில் சில பின்னாளில் ஆளற்றுப் போயின. பள்ளியும் மருத்துவமும் இருக்கும் இடத்துக்குக் குடும்பங்கள் பெயர வேண்டியிருந்தது. கலுக்விஸை விட்டுப்போன ட்லோவிட்சிஸ் மக்கள் 2018இல் காம்ப்பெல் ரிவர் நகருக்கு அருகே நிலம் வாங்கி, வீடு திரும்பும் இடம் என்ற பொருளில் நெனக்வாஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ‘கார்லுக்வீஸ்’ அச்சான அதே 1929இல் அலர்ட் பேயில் செங்கல்லால் எழும்பிய செயின்ட் மைக்கேல் உறைவிடப் பள்ளி, பிள்ளைகளின் மொழியைப் பறித்த கட்டடம், 2015 பிப்ரவரியில் ஊரார் கூடி நின்று பார்க்க இடிக்கப்பட்டது.

அந்தப் பள்ளி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் 1980 முதல் உமிஸ்டா பண்பாட்டு மையம் இருக்கிறது. பகைவர் பிடித்துப் போன உறவினர் ஊர் திரும்புவதற்கு குவாக்வாலாவில் உமிஸ்டா என்று பெயர். 1921இல் மிம்க்வம்லிஸில் ஆடியவர்களிடமிருந்து பறித்தவற்றில் பெரும்பகுதி ஒட்டாவாவிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேர்ந்தது. பெருவீட்டைப்போலக் கட்டிய கூடத்தில், சடங்கில் அவை வெளிப்படும் வரிசையிலேயே முகமூடிகளை வைத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்கும் அந்த முகங்களுக்கும் நடுவே கண்ணாடி கிடையாது. போதுமான காலம் அவை அடைபட்டுக் கிடந்துவிட்டன என்பது ஊரார் எடுத்த முடிவு.